தலைவரின் கையெழுத்து யார் பையில்?

போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்களுடையது சின்னமனூர் பக்கம் ஒரு சின்னக் கிராமம். எங்க மதினி, அதாவது பெரியப்பா மகனின் மனைவி, 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து ஐந்து வருடம் அங்கே ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தவர். 2025 ஜனவரி 5-ம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"ஏன் மதினி, அந்த டோக்கனை எல்லாம் ஒப்படைச்சாச்சா?"

"எந்த டோக்கன் தம்பி?"

"அதான், பென்டிரைவ் மாதிரி இருக்கும்ல. பணம் அனுப்புறப்ப உங்க கையெழுத்துக்கு."

"அது உங்க அண்ணன் பைக்குள்ளதான கெடந்துச்சு. நம்பர்கூட நீங்கதான போட்டுக் குடுத்தீக. எனக்கு என்ன தெரியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

நடந்தது இதுதான். நிதிக்குழு மானியத்தை ஆன்லைனில் பட்டுவாடா செய்ய, தலைவரின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அதற்கு ஒரு யூஎஸ்பி டோக்கன், அதற்கு ஒரு பின் நம்பர். 2021-ல் ஒருநாள் அண்ணன் போன் செய்து, "தம்பி, இது லேப்டாப்ல எடுக்க மாட்டேங்குது, நீ கம்ப்யூட்டர் ஆளுதானே, பாரு" என்றார். நான் பெங்களூரில் இருந்தபடியே எனிடெஸ்க்கில் நுழைந்து டிரைவரை நிறுவினேன். பின் நம்பர் என்ன வைக்கலாம் என்று அண்ணனிடமே கேட்டு, அதை வைத்து, அவருக்கே வாட்ஸப்பில் அனுப்பினேன். மதினியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்றே தோன்றவில்லை.

இருபது வருடமாகச் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். ஒருவருடைய பாஸ்வேர்டை இன்னொருவர் பயன்படுத்தக்கூடாது என்று எங்கள் ஆபீஸில் வருடாவருடம் பரீட்சை வைக்கிறார்கள். அதில் நூற்றுக்கு நூறு வாங்குகிற ஆள் நான். ஆனால் ஒரு ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரின் கையெழுத்தை எடுத்து இன்னொருவர் பையில் போட்டேன். அண்ணன் நல்ல மனுஷன், ஒரு பைசா தொட்டவர் இல்லை. ஆனால் கேள்வி அதுவா?

ஊரில் இதற்கு "டம்மி தலைவர்" என்று சுலபமாகப் பேர் வைத்துவிடுகிறோம், குற்றம் அந்தப் பெண்ணுடையது போல. டம்மி ஆக்கினது யார் என்று பார்க்கலாம் என்றுதான் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன்.

மூன்று பெண்கள் நின்ற தேர்தல்

முதலில் ஒரு சாக்கைத் தள்ளிவிடுவோம். "நம்ம பக்கம் ஜனங்க பொம்பளையை ஏத்துக்க மாட்டாங்க" என்பது. கம்பம் பள்ளத்தாக்கின் சரித்திரம் இதற்கு நேர்மாறு.

1989 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். மறைந்து அ.தி.மு.க. இரண்டாக உடைந்திருந்த நேரம். ஜெயலலிதா போடிநாயக்கனூரில் நின்றார். எதிரணியின் ஜானகி ராமச்சந்திரன் பக்கத்துத் தொகுதியான ஆண்டிபட்டியில் நின்றார். போடியில் ஜானகி அணியின் வேட்பாளர் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலா. ஒரு பெரிய கட்சியின் வாரிசு யார் என்ற சண்டை, பெண்களுக்கு இடையில், நம் மண்ணில் நடந்தது. ஜானகி தோற்றார். ஜெயலலிதா போடியில் ஜெயித்து, தமிழ்நாடு சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். பிறகு 2002 இடைத்தேர்தலிலும் 2006-லும் ஆண்டிபட்டிதான் அவரை ஜெயிக்க வைத்தது. ஆக, பெண்ணுக்கு ஓட்டுப் போட இந்தப் பள்ளத்தாக்கு என்றைக்கும் தயங்கியதில்லை.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அந்த 1989 தேர்தலில் நிர்மலாவுக்கு வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஓ.பன்னீர்செல்வம். 1996-ல் பெரியகுளம் நகராட்சித் தலைவர், 2001-ல் எம்.எல்.ஏ., அதே வருடம் முதலமைச்சர். உள்ளாட்சி என்ற ஏணி எவ்வளவு உயரம் வரை போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த ஏணியில் நம் ஊர்ப் பெண் எத்தனை படி ஏறியிருக்கிறார்? தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் என்று நான்கு தொகுதிகள். 2011, 2016, 2021 மூன்று பொதுத்தேர்தலிலும் சேர்த்துப் பன்னிரண்டு வெற்றி. பன்னிரண்டும் ஆண்கள். தேனி என்ற பெயரில் மக்களவைத் தொகுதி வந்த 2009 முதல் 2024 வரை நான்கு தேர்தல். நான்கிலும் ஆண்கள்.

சென்னையிலிருந்து ஹெலிகாப்டரில் வரும் பெண்ணை ஏற்றுக்கொள்கிறோம். பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வரும் பெண்ணிடம்தான் நமக்குச் சங்கடம்.

சட்டம் நாற்காலி தந்த கதை

உள்ளாட்சி என்றதும் நம்மில் பலர் உத்திரமேரூருக்குப் போய்விடுவோம். போக வேண்டியதுதான். முதலாம் பராந்தகன் காலத்து 921-ம் ஆண்டுக் கல்வெட்டில் முப்பது குடும்பு, கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது என்று தகுதிகள் வரிசையாக இருக்கின்றன. எனக்குப் பிடித்த விதி வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் குடவோலையில் எழுதக்கூடாது. பதவியும் சொந்தபந்தமும் கலந்தால் என்ன ஆகும் என்று ஆயிரத்து நூறு வருடம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. ஆனால் அது நிலம் வைத்திருந்த, வேதம் படித்த ஆண்களின் சபை. பெண்ணைப் பற்றி விதி எழுத வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை.

அப்படியே தாண்டி இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், 1921 ஏப்ரல் 1-ம் தேதி சென்னை மாகாண சட்டசபை பெண்களுக்கு ஓட்டுரிமைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். அதிலும் சொத்துத் தகுதி இருந்ததால், வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு அது எட்டவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு, பஞ்சாயத்து அமைப்புகளில் இரண்டு பெண்களை நியமனமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. சேர்த்துக்கொள்வது! வீட்டு விசேஷத்தில் கடைசிப் பந்திக்குக் கூப்பிடுவது மாதிரி.

மாற்றம் வந்தது 73-வது அரசியல் சட்டத் திருத்தத்தில். 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு, தலைவர் பதவிகளும் சேர்த்து. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. 1986-க்குப் பிறகு தேர்தலே நடக்காமல் கிடந்து, 1996 அக்டோபரில் புதிய சட்டப்படி முதல் தேர்தல். தேனி தனி மாவட்டமாகி மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. ஆக, நம் மாவட்டமும் பெண் தலைவர்களும் ஒரே வயது என்று சொல்லலாம்.

2016 பிப்ரவரியில் ஜெயலலிதா அரசு இந்த மூன்றில் ஒன்றைப் பாதியாக உயர்த்தியது. அந்தப் பாதி கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது 2019 டிசம்பர் தேர்தலில். மதினி நின்றது அதில்தான்.

பாஸ்வேர்டு எப்படிக் கைமாறுகிறது

நாற்காலி வந்தாயிற்று. அதிகாரம் எங்கே நழுவுகிறது? எங்கள் பக்கம் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இடஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகும்வரை நிற்கப்போவதாகச் சுற்றிக்கொண்டிருந்தவர் கணவர். பட்டியலில் "பெண்கள்" என்று வந்ததும் மனைவி பெயரில் மனு போடுவார். போஸ்டரில் மனைவி படம் பாதி, கணவர் படம் பாதி. அதாவது வேட்பாளர் தேர்வே பஞ்சாயத்துக்கு வெளியே, வீட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

அடுத்தது இடம். பஞ்சாயத்து நிஜமாக நடப்பது பஞ்சாயத்து ஆபீஸில் இல்லை. டீக்கடையில், யூனியன் ஆபீஸ் வராந்தாவில், காண்ட்ராக்டரின் பைக் பக்கத்தில், ராத்திரி எட்டு மணிக்கு வரும் போனில். இந்த நான்கு இடத்திலும் பெண் நின்றால் ஊர் பேசும். நிற்காவிட்டால் "அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அதே ஊர் பேசும்.

மூன்றாவது காசு. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கை மற்றவரைத் தடுக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் துணைத் தலைவர் மனசு வைக்காவிட்டால் தெருவிளக்கு பல்புகூட மாற்ற முடியாது. தலைவர் தலித் பெண் என்றால் இந்தப் பூட்டு இன்னும் இறுகும். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர், கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியானபோது எல்லாரும் அதிர்ந்தோம். சட்டம் கொடுத்த நாற்காலியில் உண்மையாகவே உட்கார விடவில்லை.

நான்காவது சுழற்சி. ஒதுக்கீடு அடுத்த ஊருக்குப் போனதும் இந்த ஊர் "பொது" ஆகும். பொது என்றால் எல்லாருக்கும் என்று சட்டம் சொல்கிறது. ஆண்களுக்கு என்று ஊர் வாசிக்கிறது. பதவியில் கற்றுக்கொண்ட பெண் வீட்டுக்குத் திரும்புகிறார்.

அப்படியானால் ஒதுக்கீடே வீணா? இல்லை. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டுஃப்லோவும் ரகபேந்திர சட்டோபாத்யாயும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதல் பணம் போயிருந்தது. குடிநீர்தான் அங்கே பெண்கள் அதிகமாகக் கேட்டது. 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு மேற்கு வங்கத்தின் 495 கிராமங்களைப் பார்த்தது. இரண்டு தேர்தல் தொடர்ந்து பெண் தலைவர் இருந்த ஊர்களில், மகன் மேல் வைக்கிற ஆசைக்கும் மகள் மேல் வைக்கிற ஆசைக்கும் இடையே பெற்றோர் மனதில் இருந்த இடைவெளி குறைந்திருந்தது. இரண்டு முறை என்பதைக் கவனியுங்கள். ஒரு முறை வந்தால் விருந்தாளி, மறுமுறையும் வந்தால்தான் வீட்டு ஆள்.

மெட்டுக்கு மேலே

இந்த இடத்தில் போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் போகலாம். கொச்சி-தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை தேனி, போடி வழியாக மலையேறி மூணாறு போகிறது. நம் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு ஏறுகிற அதே மலை. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போயின. உறவு போகவில்லை.

அரசியல் உறவும்தான். 1957-ல் கேரளாவின் முதல் சட்டமன்றத்துக்குத் தேவிகுளத்தில் ஜெயித்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ். அந்த அவையில் முதலாவதாக உறுதிமொழி எடுத்தவரும் அவரே. அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி 1958-ல் இடைத்தேர்தல் வந்தபோது, பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் போய் ஊர் ஊராகப் பாட்டுப் பாடி அவருக்கு ஓட்டுக் கேட்டார். இளையராஜாவின் அண்ணன். நம் பள்ளத்தாக்கின் பாட்டு ஒரு பெண்ணைச் சட்டமன்றத்துக்கு அனுப்ப உதவியது என்பதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு.

ஆனால் தோட்டத்துத் தொழிலாளிப் பெண்கள் தாங்களே பேச இன்னும் 57 வருடம் ஆனது. 2015 செப்டம்பர். நாள் கூலி 232 ரூபாய். கம்பெனி போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள், பெரும்பாலும் பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்களின் பேத்திகள், லயங்களிலிருந்து இறங்கி மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில். தொழிற்சங்கத் தலைவர்கள் வந்தபோது, "உங்களை யார் கூப்பிட்டது?" என்கிற தோரணையில் திருப்பி அனுப்பினார்கள். எல்லாக் கட்சிச் சங்கத்துக்கும் அதே மரியாதை. பறிப்பது பெண்கள், சந்தா கட்டுவது பெண்கள், பேச்சுவார்த்தை மேஜையில் மட்டும் ஆண்கள் என்று அதுவரை இருந்த ஏற்பாடு ஒரு வாரத்தில் கலைந்தது. செப்டம்பர் 13 இரவு முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் முடிவானது: 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, ஆக 20. கூலி 500 கேட்டார்கள். அக்டோபரில் 301 ஆனது.

அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் "பொம்பிளை ஒருமை". பாதி நம் பேச்சுத் தமிழ், பாதி மலையாளம். மலையாளத்தில் ஒருமை என்றால் ஒற்றுமை. நமக்கு இலக்கண வகுப்பில் ஒருமை என்றால் ஒரே ஆள். எனக்கு இந்தப் பெயர் பிடித்துப்போனது இதனால்தான். நம் ஊரில் பெண் தலைவர் இலக்கண ஒருமை, ஒற்றை ஆள். மேலே மலையில் அது கூட்டம்.

அந்தக் கூட்டம் இரண்டே மாதத்தில் உள்ளாட்சித் தேர்தலில் நின்றது. 2015 நவம்பரில் கோமதி அகஸ்டின் தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்தின் நல்லதண்ணி டிவிஷனில் ஜெயித்தார். கிராமப் பஞ்சாயத்திலும் இரண்டு வார்டு கிடைத்தது. கேரளாவிலும் பெண்களுக்குப் பாதி ஒதுக்கீடு உண்டு. ஆனால் இவர்களை நிற்க வைத்தது எந்தக் கணவரின் திட்டமும் இல்லை. பட்டியல் வருவதற்கு முன்பே அவர்கள் தலைவர்களாக இருந்தார்கள்.

கதையை இங்கே முடித்தால் இனிப்பாக இருக்கும், நியாயமாக இருக்காது. தலைவர்களுக்குள் பிளவு வந்தது. எந்தச் சங்கங்களைத் திருப்பி அனுப்பினார்களோ, அதில் ஒன்றிலேயே கோமதி கொஞ்சகாலம் போய்ச் சேர்ந்து, பிறகு வெளியே வந்தார். 2016 சட்டமன்றத் தேர்தலில் தனித்து நின்றது எடுபடவில்லை. 2017-ல் ஒரு அமைச்சர் அவர்களைக் கொச்சையாகப் பேசி, அதற்காக மறுபடி ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது. கூட்டம் நாற்காலியைப் பிடித்தது, ஆனால் கூட்டத்தைப் பிடித்து வைக்க நேரமும் காசும் இல்லை. நம் ஊரில் நாற்காலி இருக்கிறது, பின்னால் கூட்டம் இல்லை. இரண்டில் ஒன்று இருந்தால் போதாது என்பதுதான் நான் இந்த மலை ஏறி இறங்கிப் புரிந்துகொண்டது.

நம்மிடம் கூட்டம் இல்லாமலும் இல்லை. மகளிர் குழு கூடுகிறது. நூறுநாள் வேலைக்கு வருவதில் பெரும்பாலானோர் பெண்கள். கிராம சபையில் எண்ணிக்கைக்கு உட்காருவதும் அவர்கள்தான். அந்தக் கூட்டத்துக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில், நல்ல மனுஷனாகவே, ஒரு அண்ணன் நிற்கிறார். அவருக்கு டிரைவர் நிறுவித்தர ஒரு தம்பியும்.

திண்ணைக்குத் திரும்பி

2025 பிப்ரவரியில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அமைத்த குழு, பெண் தலைவர்களுக்குப் பதிலாக உறவினர்கள் ஆட்சி நடத்தினால் கடுமையான தண்டனை வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. வரட்டும். ஆனால் பின் நம்பரை யார் யாருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்கள் என்று எந்த அதிகாரி வந்து பார்ப்பார்?

அன்றைக்குத் திண்ணையில் நான் பேச்சை விடவில்லை. அஞ்சு வருஷத்துல நீங்களா செஞ்சது என்ன மதினி என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கீழத்தெருவுக்குத் தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு விட்டுக்கிட்டிருந்தாங்க தம்பி. மலைக்குப் போற பொம்பளைக எந்திரிக்கிறதே நாலு மணிக்கு. தண்ணி புடிக்கணும்னா தூங்கவே கூடாது. அஞ்சு மணிக்கு மாத்துங்கன்னு சொன்னேன். உங்க அண்ணன் முடியாதுன்னாரு, தண்ணி தெறக்குறவரு முடியாதுன்னாரு. கீழத்தெரு பொம்பளைக பத்து பேரைக் கூட்டிட்டு நானே டேங்குக்குப் போயிட்டேன். மறுநாள்ல இருந்து அஞ்சு மணிதான்."

டோக்கனும் பின் நம்பரும் இல்லாமல் நடந்த வேலை. பத்துப் பேர் கூட இருந்ததால் நடந்தது. டோக்கனும் கையில் இருந்திருந்தால் என்னென்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பெங்களூருக்கு பஸ் ஏறினேன்.

போனில் "ஊர் பிரசிடெண்ட்" என்று நான் சேமித்து வைத்திருந்தது அண்ணன் நம்பர். ஐந்து வருடமும் அதுதான். பஸ்ஸில் உட்கார்ந்து அதை மாற்றும்போதுதான் மதினியின் நம்பரே என்னிடம் இல்லை என்று தெரிந்தது. அடுத்த தேர்தலில் எங்கள் ஊரில் யார் ஜெயிப்பார்களோ தெரியாது. பெண்ணாக இருந்து, மறுபடி யாராவது எனக்குப் போன் செய்து "கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது" என்றால், முதல் வேலையாகச் சொல்லப்போவது ஒன்றுதான்: போனைத் தலைவர்கிட்ட குடுங்க.

உங்கள் ஊர் பிரசிடெண்டின் நம்பர் என்று உங்கள் போனில் இருப்பது யாருடையது என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்.